மெட்ரோவும் வேண்டும், 300-ஏவும் வேண்டும்

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர். மாதவரம் – சிறுசேரி, கலங்கரை விளக்கம் – பூந்தமல்லி, மாதவரம் – சோழிங்கநல்லூர் என்று மூன்று தடங்கள். மதிப்பு 63,246 கோடி ரூபாய். 2024 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. காலை ஒன்பது மணிக்கு ஆற்காடு சாலையில் மாட்டிக்கொண்ட யாருக்கும் இந்த ரயில் ஏன் தேவை என்று விளக்க வேண்டியதில்லை. அதே நேரம், ஒவ்வொரு நிலையத்தின் நுழைவாயிலுக்கும் படிக்கட்டுக்கும் யாரோ ஒருவரின் கடை முகப்பு, வீட்டின் முன்பாதி, அரை கிரவுண்டு காலிமனை என்று ஏதாவது போகிறது. புறநகரில் வட்டச்சாலைக்கும் தொழிற்பூங்காவுக்கும் பரந்தூர் விமான நிலையத்துக்கும் போவது ஏக்கர் கணக்கில்.

நாட்டின் வளர்ச்சியா, அரசியலமைப்பின் விழுமியங்களா என்ற பெரிய விவாதம் சாதாரணக் குடும்பத்துக்கு வந்துசேரும் வடிவம் ஒன்றுதான்: நில எடுப்பு நோட்டீஸ். அந்தத் தாள் கைக்கு வந்த பிறகு என்ன நடக்க வேண்டும், எங்கே தவறுகிறது, எதை எத்தனை நாளுக்குள் செய்ய வேண்டும் என்பதே இந்தப் பதிவு. இதில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. நடைமுறையைச் சுருக்கி அரசு மிச்சம் பிடிக்கும் மாதங்கள், பின்னால் நீதிமன்றத்தில் வருடங்களாகக் கரைகின்றன. நோட்டீஸ், விசாரணை, காரணம் சொல்லும் ஆணை ஆகிய மூன்றையும் ஒழுங்காகச் செய்யும் திட்டம்தான் வேகமாகவும் முடியும்.

முதலில் அடிப்படை. சொத்துரிமை 1978 வரை அடிப்படை உரிமையாக இருந்தது. அரசியலமைப்பின் 44-ஆவது திருத்தம் அதை அந்தப் பகுதியிலிருந்து எடுத்து 300-ஏ என்ற தனி உறுப்பாக வைத்தது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எவருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்ற ஒரே வரிதான் அது. இந்த மாற்றத்தை மக்களுக்கு எதிரானதாக மட்டும் பார்க்க முடியாது. 1948-இல் சென்னை மாகாணம் ஜமீன்களை ஒழிக்கச் சட்டம் போட்டது. இத்தகைய நிலச் சீர்திருத்தச் சட்டங்களைக் காப்பாற்றத்தான் 1951-இல் முதல் திருத்தமே 31-ஏ, 31-பி என்ற உறுப்புகளைச் சேர்த்தது. உழுதவனுக்கு நிலம் கிடைக்க, சொத்துரிமை கொஞ்சம் வளைய வேண்டியிருந்தது. இன்று பல இடங்களில் அதே வளைவு உழுதவனின் பக்கமே திரும்பியிருக்கிறது என்பதுதான் சிக்கல்.

அந்த ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது என்பதை உச்ச நீதிமன்றம் 2024 மே 16 அன்று, கொல்கத்தா மாநகராட்சி தொடர்பான வழக்கில் பிரித்துச் சொன்னது. முன்கூட்டி அறிவிப்பு தர வேண்டும். ஆட்சேபணையைக் கேட்க வேண்டும். காரணத்தோடு முடிவு சொல்ல வேண்டும். பொது நோக்கத்துக்கு மட்டுமே எடுக்க வேண்டும். நியாயமான இழப்பீடு தர வேண்டும். நடைமுறையைத் தாமதமின்றி நடத்த வேண்டும். கடைசியில் முறைப்படி முடித்துவைக்க வேண்டும். இந்த ஏழும் 300-ஏவுக்குள் அடங்கும் துணை உரிமைகள் என்றது தீர்ப்பு. இழப்பீடு கொடுத்தாகிவிட்டது என்பதாலேயே எடுப்பு செல்லுபடியாகிவிடாது என்பது இதன் சாரம். கையில் இருப்பது எந்தச் சட்டத்தின் நோட்டீஸாக இருந்தாலும் இந்த ஏழையும் அளவுகோலாக வைத்துப் பார்க்கலாம்.

நோட்டீஸில் எந்தச் சட்டம்?

நோட்டீஸ் வந்ததும் பலரும் முதலில் தேடுவது தொகையை. தேட வேண்டியது சட்டத்தின் பெயரையும் பிரிவு எண்ணையும். சென்னையைச் சுற்றி நான்கு சட்டங்கள் புழக்கத்தில் உள்ளன. ஒவ்வொன்றிலும் கெடுவும் வேறு, நிலம் கைமாறும் தருணமும் வேறு.

2013-ஆம் ஆண்டின் மத்திய நில எடுப்புச் சட்டம் 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நான்கில் மக்களுக்கு அதிகம் இடம் தருவது இதுதான். முதலில் சமூகத் தாக்க மதிப்பீடு, அதற்கு ஆறு மாதம். ஊராட்சியையோ மாநகராட்சியையோ கலந்து பேச வேண்டும், பொதுக் கருத்துக்கேட்பு நடத்த வேண்டும். பிறகு வல்லுநர் குழு அறிக்கையைப் பார்த்து, திட்டத்தால் நன்மை அதிகமா, இழப்பு அதிகமா என்று எழுத வேண்டும். அதன்பின் பிரிவு 11-இன்கீழ் முதல்நிலை அறிவிக்கை. அது வெளியான நாளிலிருந்து 60 நாளுக்குள் பிரிவு 15-இன்கீழ் ஆட்சேபணை. முதல்நிலை அறிவிக்கையிலிருந்து 12 மாதத்துக்குள் பிரிவு 19 பிரகடனம், பிரகடனத்திலிருந்து 12 மாதத்துக்குள் இழப்பீட்டை முடிவுசெய்யும், அவார்டு எனப்படும் தீர்வம். இந்தக் கெடு தாண்டினால் நடவடிக்கை காலாவதியாகும். நீதிமன்றத் தடை இருந்த நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. தனியார் நிறுவனத்துக்காக எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தினரின் ஒப்புதலும், பொது – தனியார் கூட்டுத் திட்டமென்றால் 70 சதவீத ஒப்புதலும் வேண்டும்.

இரண்டாவது, தேசிய நெடுஞ்சாலைச் சட்டம், 1956. இதில் 3ஏ அறிவிக்கை வந்த 21 நாளுக்குள் 3சி-இன்கீழ் ஆட்சேபணை தர வேண்டும். 3டி பிரகடனம் அரசிதழில் வெளியான கணமே நிலம் ஒன்றிய அரசுக்குச் சேர்ந்துவிடும். இருபத்தொரு நாள் என்பது வில்லங்கச் சான்று வாங்கி வக்கீலைப் பார்ப்பதற்குள் ஓடிவிடும் காலம்.

மூன்றாவதும் நான்காவதும் மாநிலச் சட்டங்கள்: 1997-ஆம் ஆண்டின் தொழில் நோக்கங்களுக்கான தமிழ்நாடு நில எடுப்புச் சட்டம், 2001-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம். மெட்ரோவுக்கும் பரந்தூருக்கும் பயன்படுவது இந்த 1997 சட்டம். இதில் சமூகத் தாக்க மதிப்பீடு கிடையாது. பிரிவு 3(2)-இன்கீழ், "ஏன் எடுக்கக் கூடாது என்று காரணம் காட்டுக" என்று ஒரு நோட்டீஸ் வரும். அதற்குப் பதில் கேட்டு, பரிசீலித்து, 3(1) அறிவிக்கையை அரசிதழில் வெளியிட்டால் அன்றைக்கே நிலம் எல்லா வில்லங்கமும் நீங்கி அரசுக்குச் சொந்தம். இழப்பீட்டுப் பேச்சு அதன் பிறகுதான். ஆகவே இந்தச் சட்டத்தில் 3(2) நோட்டீஸை "சும்மா ஒரு கடிதம்" என்று மேசை இழுப்பறையில் போட்டுவைப்பவர், தன் பக்கத்தைச் சொல்ல இருந்த முக்கியமான வாய்ப்பை இழந்துவிடுகிறார். சென்னையில் மிக அதிகமாக நடக்கும் தவறு இதுவே.

மாநிலச் சட்டங்கள் மட்டும் சமூகத் தாக்க மதிப்பீட்டிலிருந்து ஏன் தப்பித்தன? 2013 சட்டத்தில் 105-ஏ என்ற பிரிவைத் தமிழ்நாடு சேர்த்து, இந்த இரண்டுக்கும் 1978-ஆம் ஆண்டின் ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கான நில எடுப்புச் சட்டத்துக்கும் விலக்குப் பெற்றது. சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில், இவை 2013 சட்டத்தோடு முரண்படுவதால் செயலிழந்துவிட்டன என்று தீர்ப்பளித்தது. உடனே பேரவை மூன்றுக்கும் முன்தேதியிட்டு உயிரூட்டும் சட்டம் ஒன்றை இயற்றி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றது. 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்று ஏற்றது. இழப்பீடும் மறுவாழ்வும் 2013 சட்டத்தின் அட்டவணைகளின்படி கிடைக்கும், ஆனால் முன்னால் இருக்க வேண்டிய கேள்விக் கட்டம், அதாவது சமூகத் தாக்க மதிப்பீடு, கிடைக்காது. இதுதான் இன்றைய நிலை.

சட்டப்படி இது சரி என்று உச்ச நீதிமன்றமே சொன்ன பிறகு மறுப்பதற்கில்லை. இருந்தாலும், பணத்தை முழுசாகக் கொடுத்துவிட்டு "இந்தத் திட்டம் உங்கள் ஊரில் தேவையா, வேறு இடம் உண்டா" என்ற கேள்வியை மட்டும் எடுத்துவிடுவது, குடிமகனை வெறும் விற்பனையாளராகச் சுருக்கிவிடுகிறது என்றே நினைக்கிறேன். பரந்தூரை ஒட்டிய ஏகனாபுரத்தில் கிராம சபைத் தீர்மானம் மேல் தீர்மானமாகப் போட்டுக்கொண்டே இருப்பதற்குக் காரணம், கேள்வி கேட்க வேறு அதிகாரபூர்வ மேடை அவர்களுக்குத் தரப்படவில்லை என்பதுதான்.

ஆட்சேபணையை எழுதுவது எப்படி

"என் நிலத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன், என் பிள்ளைகள் நடுத்தெருவில் நிற்பார்கள்" என்று எழுதும் ஆட்சேபணைதான் பெரும்பாலும் கோப்பில் கிடைக்கும். அந்த வலி உண்மை. ஆனால் அதை ஒரே வரியில் நிராகரித்துவிடலாம்: "பொது நலன் கருதி ஏற்க இயலாது." நிராகரிக்கக் காரணம் எழுத வேண்டிய நிலைக்கு அதிகாரியைக் கொண்டுவரும் ஆட்சேபணைதான் பின்னால் நீதிமன்றத்தில் நிற்கும்.

முதலில் ஆவணங்கள். பட்டா, சிட்டா, அ-பதிவேட்டின் நகல், எஃப்.எம்.பி. எனப்படும் புல வரைபடம், மூலப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, வீடென்றால் சொத்துவரி ரசீது, கட்டட அனுமதி வரைபடம். நோட்டீஸில் உள்ள சர்வே எண்ணையும் உட்பிரிவையும் பரப்பையும் எஃப்.எம்.பி.யோடு ஒப்பிடுங்கள். உட்பிரிவு எண் மாறியிருப்பதும், நான்கு பக்க எல்லையில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் உங்கள் இடத்தில் இருப்பதும் அடிக்கடி நடப்பவை. பரப்பில் வித்தியாசம் இருந்தால் இருதரப்பும் இருக்கும்போது மறு அளவை செய்யக் கோரி, தனி வட்டாட்சியருக்கு ஆட்சேபணைக்குள்ளேயே எழுதுங்கள்.

பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறதா? நோட்டீஸும் அவர் பெயருக்கே வரும், "ஆள் இல்லை" என்று திரும்பும், கதவில் ஒட்டப்படும், கெடு ஓடும். வாரிசுச் சான்றிதழோடு பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்துவிட்டு, அந்த ஒப்புகைச் சீட்டின் நகலை நில எடுப்பு அலுவலகத்திலும் கொடுத்து, "நாங்களும் இந்த நிலத்தில் உரிமை உள்ளவர்கள், இனி எங்களுக்கும் நோட்டீஸ் வர வேண்டும்" என்று பதிவு செய்ய வேண்டும். கூட்டுப் பட்டா என்றால் ஒவ்வொரு பங்குதாரரும் தனித்தனியாக எழுதுவதே நல்லது. ஒருவர் சமரசமாகிவிட்டால் மற்றவர்களின் ஆட்சேபணையும் சேர்ந்து விழக் கூடாது.

அடுத்து உள்ளடக்கம். 2013 சட்டத்தின் பிரிவு 15 மூன்று வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது: நிலத்தின் பரப்பும் பொருத்தமும், பொது நோக்கத்துக்குச் சொல்லப்படும் நியாயம், சமூகத் தாக்க அறிக்கையின் முடிவுகள். மாநிலச் சட்ட நோட்டீஸுக்குப் பதில் எழுதும்போதும் இந்த மூன்றையும் சட்டகமாக எடுத்துக்கொள்ளலாம். நிலைய நுழைவாயிலுக்கு எடுக்கிறார்கள் என்றால், நூறு மீட்டர் தள்ளி அரசுப் புறம்போக்கு இருப்பதைச் சர்வே எண்ணோடு காட்டுங்கள். இருபோகம் விளையும் பாசன நிலமென்றால் அடங்கல் எனப்படும் பயிர்ப் பதிவேட்டின் நகலை வையுங்கள். பல போகம் விளையும் பாசன நிலத்தை வேறு வழியே இல்லாதபோதுதான் எடுக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டத்தின் பிரிவு 10. ஏரியின் வரத்துக்கால்வாய் நிலத்துக்குள் ஓடுகிறதென்றால் வரைபடத்தில் குறித்துக் காட்டுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையைச் சுற்றி நீர்வழியைப் பற்றிய வாதத்தை எந்த அதிகாரியும் எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆட்சேபணையின் கடைசியில் இரண்டு கோரிக்கைகள் கட்டாயம் இருக்க வேண்டும். நேரில் விசாரணை வேண்டும் என்பது ஒன்று. நிலம் கேட்கும் துறை இந்த ஆட்சேபணைக்கு என்ன பதில் சொன்னது என்பதன் நகல் வேண்டும், அதன்மேல் பேச இன்னொரு வாய்ப்பும் வேண்டும் என்பது மற்றது. பழைய 1894 சட்டத்தின்கீழ் தமிழ்நாட்டில் இருந்த விதிகளிலேயே இந்த இரண்டாம் விசாரணை இருந்தது. துறையின் பதிலை நில உரிமையாளருக்குக் கொடுக்காமல் போனதற்காகவே ரத்தான அறிவிக்கைகள் ஏராளம். பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள், நேரிலும் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். விசாரணை நாளில் நீங்கள் சொன்னதை அலுவலர் எழுதிக் கையெழுத்துக் கேட்டால், படித்துப் பார்த்து, விட்டுப்போனதை உங்கள் கையாலேயே சேர்த்துவிட்டுப் போடுங்கள். "வாய்மொழியாகச் சொன்னேன்" என்பதற்குக் கோப்பில் இடமே இல்லை.

நிராகரிப்பு ஆணை எப்படி வந்தது என்று தெரியவில்லையா? தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, உங்கள் ஆட்சேபணை தொடர்பான குறிப்புக்கோப்பின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். இருநூறு பேரின் ஆட்சேபணைக்கும் ஒரே வாசகத்தில் வெட்டி ஒட்டிய பதில் இருந்தால், மனம் செலுத்திப் பரிசீலிக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

தொகை எங்கே குறைகிறது

2013 சட்டத்தின் பிரிவு 26, சந்தை மதிப்பு என்பதற்கு வழி சொல்கிறது. முத்திரைச் சட்டத்தின்படி பதிவுக்கு வைத்த மதிப்பு, அதாவது நாம் சொல்லும் வழிகாட்டி மதிப்பு, ஒரு பக்கம். கடந்த மூன்று ஆண்டுகளில் அருகில் உள்ள இதேபோன்ற நிலங்களின் விற்பனைப் பத்திரங்களை எடுத்து, அவற்றில் விலை உயர்ந்த பாதியின் சராசரி மறுபக்கம். எது அதிகமோ அதுவே மதிப்பு. ஒப்புதலுடன் எடுக்கும் திட்டமென்றால் ஒப்புக்கொண்ட தொகையும் போட்டியில் சேரும்.

இங்கேதான் நம்மூர் வழக்கம் நம்மையே அடிக்கிறது. ஒரு சென்ட் ஐந்து லட்சத்துக்குக் கைமாறியிருக்கும், பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பான ஒன்றரை லட்சம்தான் இருக்கும். முத்திரைத்தாள் செலவைக் குறைக்க ஊரே சேர்ந்து செய்த வேலை, நில எடுப்பு வந்த அன்று ஊரையே ஏழையாக்கும். இதைப் பின்னால் சரிசெய்வது கடினம். செய்யக் கூடியது ஒன்று உண்டு. உண்மை விலையைக் காட்டிப் பதிவான பத்திரங்கள் சுற்றுவட்டாரத்தில் சில இருக்கும். வங்கிக் கடன் வாங்கி வாங்கிய மனைகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவை. அவற்றின் சான்றிட்ட நகல்களைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கி, தீர்வ விசாரணையின்போதே கொடுத்துவிட வேண்டும். அதிகாரி எடுக்கும் பட்டியலில் அவை தானாக வந்துவிடும் என்று நம்பி இருக்காதீர்கள்.

கணக்கு இப்படிப் போகும். நிலத்தின் சந்தை மதிப்பு 10 லட்சம், ஊரகப் பகுதிக்கான பெருக்கல் காரணி 1.25 என்று வைத்துக்கொள்வோம். 12.5 லட்சம் ஆகிறது. நகரப் பகுதியில் காரணி 1 மட்டுமே, ஊரகத்தில் 1 முதல் 2 வரை. கிணறு, மரம், கட்டடம் 2 லட்சம் என்றால் மொத்தம் 14.5 லட்சம். இதற்குச் சமமான தொகை சொலேஷியம் என்ற ஆறுதல் தொகையாகச் சேர்ந்து 29 லட்சம். சமூகத் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை நாளிலிருந்து தீர்வம் வரையோ, நிலத்தை எடுத்துக்கொள்ளும் வரையோ, எது முந்தியதோ அதுவரை சந்தை மதிப்பின் மேல் ஆண்டுக்கு 12 சதவீதம் கூடும். ஒன்றரை வருடமென்றால் 1.8 லட்சம். ஆக 30.8 லட்சம். உங்கள் தீர்வத்தில் இந்த நான்கு வரிகளும் தனித்தனியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். மொத்தத் தொகையை மட்டும் போட்ட தீர்வத்தில் தவறைக் கண்டுபிடிக்கவே முடியாது, ஆகவே விரிவான கணக்குத் தாளைக் கேட்டு வாங்குங்கள். தேசிய நெடுஞ்சாலைக்காக எடுத்த நிலத்துக்கும் ஆறுதல் தொகையும் வட்டியும் உண்டு என்று 2019 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மரத்தையும் கட்டடத்தையும் குறைத்து எழுதுவது அடுத்த ஓட்டை. ஆழ்துளைக் கிணறு, மோட்டார், சுற்றுச்சுவர், கழிவுநீர்த் தொட்டி, தளம் போட்ட முற்றம் என்று எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படம் எடுத்து, அளவோடு பட்டியலிட்டு, கூட்டு ஆய்வு நாளில் நீங்களே பக்கத்தில் நின்று மகஜரில், அதாவது அந்த இடத்திலேயே எழுதும் ஆய்வுக் குறிப்பில், சேர்க்கச் சொல்லுங்கள்.

மெட்ரோ தடத்தில் இன்னொரு வகை இழப்பு உண்டு. வீட்டின் முன்னால் எட்டு அடி மட்டும் போகும். படிக்கட்டும் முன்னறையும் போன பிறகு மிச்சம் குடியிருக்கவே உதவாது. ஒரு கட்டடத்தின் பகுதியை மட்டும் எடுக்கும்போது முழுவதையும் எடுத்துக்கொள்ளச் சொல்ல உரிமையாளருக்கு 2013 சட்டத்தின் பிரிவு 94 வழி தருகிறது. மிச்ச நிலம் துண்டாகிப் போவதால் வரும் நட்டம், கடையை மாற்றும் செலவு ஆகியவற்றைப் பிரிவு 28 கணக்கில் எடுக்கச் சொல்கிறது. நோட்டீஸ் மாநிலச் சட்டத்தின்கீழ் வந்திருந்தாலும் இந்தக் கோரிக்கைகளை எழுத்தில் வையுங்கள். கேட்காதவருக்கு இவற்றைத் தானாகத் தருவதில்லை.

பணம் வாங்கும் நாளில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ரசீதில் "ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். அப்படி எழுதாமல் வாங்கியவர், தொகையை உயர்த்திக் கேட்டுப் பிரிவு 64-இன்கீழ் மனுச் செய்யும் உரிமையை இழக்கிறார். அந்த மனுவுக்கும் கெடு உண்டு: தீர்வம் சொன்னபோது நீங்கள் இருந்தால் ஆறு வாரம். இல்லாவிட்டால் ஆட்சியரின் நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து ஆறு வாரம் அல்லது தீர்வ நாளிலிருந்து ஆறு மாதம், எது முன்னதோ அது. தனிப் பேச்சுவார்த்தையில் கூடுதல் விலை தருகிறோம் என்று அழைத்தால் போய்ப் பேசலாம். ஒப்பந்தத்தில் "இனி எந்த மன்றத்திலும் கூடுதலாகக் கோரமாட்டேன்" என்ற வரி இருக்கும். அந்த வரியின் விலையையும் சேர்த்தே தொகையை எடைபோட வேண்டும்.

பட்டா இல்லாதவர்கள் இந்தக் கணக்கிலேயே வருவதில்லை என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. நிலத்தை நம்பி மூன்று ஆண்டுகளாகப் பிழைத்துவரும் குத்தகைதாரர், விவசாயக் கூலி, கைவினைஞர் குடும்பங்களும் 2013 சட்டத்தில் பாதிக்கப்பட்ட குடும்பங்களே. வேலை, அல்லது ஒரே தவணையில் 5 லட்சம், அல்லது இருபது ஆண்டுகளுக்கு மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாத தொகை என்று மூன்றில் ஒன்று உண்டு. இடம்பெயர்பவர்களுக்கு ஓராண்டுக்கு மாதம் 3,000, போக்குவரத்துக்கு 50,000, மீள்குடியமர்வுக்கு 50,000. ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, நூறு நாள் வேலை அட்டை, நில உரிமையாளரின் எழுத்துமூல உறுதி ஆகியவை சான்றாகும். கணக்கெடுப்பு நாளில் ஊரில் இல்லாமல் போனவர்தான் பட்டியலில் விட்டுப்போகிறார்.

நகரத்துக்குள் ஆற்றோரக் குடிசைகளின் நிலை இன்னும் கடினம். நடைபாதையில் வாழ்பவரின் பிழைப்புரிமையும் உறுப்பு 21-க்குள் வரும், அவரையும் நோட்டீஸ் தந்து கேட்காமல் அகற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றப்படும் குடும்பத்துக்கு வீடு கிடைக்கிறது. ஆனால் வீட்டுவேலை செய்த தெருவும் பிள்ளையின் பள்ளியும் நகரத்தின் மறுபக்கத்தில் நின்றுவிடுகின்றன. பயோமெட்ரிக் கணக்கெடுப்பும் ஒதுக்கீட்டு ஆணையும் வைத்துக்கொண்டு இதை "மறுவாழ்வு" என்று எழுதுவது போதாது. பேருந்துத் தடமும் பள்ளி இடமும் ஒதுக்கீட்டு ஆணைக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.

கருத்துக்கேட்புக் கூட்டம், கிராம சபை

சுற்றுச்சூழல் அனுமதிக்கான பொதுக் கருத்துக்கேட்பு தனித் தடம். இதை நில எடுப்போடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறைந்தது 30 நாள் முன்னதாகச் செய்தித்தாள்களில் விளம்பரம் தர வேண்டும். மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் தமிழில் இருக்க வேண்டும். கூட்டத்துக்கு ஆட்சியரோ, கூடுதல் ஆட்சியருக்குக் குறையாத பதவியில் உள்ளவரோ தலைமை தாங்க வேண்டும். முழுக்க வீடியோ எடுக்க வேண்டும். முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். இந்தக் கடைசிப் படியின்போது பலர் கிளம்பிவிடுகிறார்கள். இருந்து கேளுங்கள், நீங்கள் சொன்ன புள்ளி அதில் வந்ததா என்று பாருங்கள். பேசியதை எழுத்திலும் கொடுத்துவிடுங்கள். அனுமதி கொடுத்தது தவறென்றால் சேப்பாக்கம் கலச மகாலில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் 30 நாளுக்குள் மேல்முறையீடு. போதிய காரணம் இருந்தால் இன்னும் 60 நாள், அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது.

கிராம சபைத் தீர்மானத்தின் பலம் என்ன? பழங்குடியினருக்கான ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளில் கிராம சபையின் ஒப்புதல் கட்டாயம். தமிழ்நாட்டில் அத்தகைய பகுதி எதுவும் இல்லை. ஆகவே இங்கே தீர்மானம் திட்டத்தைத் தானாக நிறுத்தாது. ஆனாலும் அது ஒரு பொது ஆவணம். "எதிர்க்கிறோம்" என்று மட்டும் எழுதாமல், எத்தனை ஏரி, எத்தனை ஏக்கர் பாசனம், எத்தனை குடும்பம், மாற்றாக எந்தப் பகுதி என்று எண்களோடு எழுதினால், பரிசீலிக்க வேண்டிய பொருளாக அது மாறுகிறது.

2023 ஏப்ரலில் பேரவை நிறைவேற்றிய சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டத்தையும் இங்கே சொல்ல வேண்டும். நீர்நிலையோ ஓடையோ வாய்க்காலோ உள்ளடங்கிய, 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டப் பகுதிகளுக்கு அது தனி வழி போட்டுத் தருகிறது. பள்ளிக்கரணையில் எத்தனை சதுப்பு நிலத்தை இழந்தோம் என்று தெரிந்த நகரம், ஏரிகளை மனைக்கணக்கில் சேர்க்க வழி தரும் சட்டத்தை இன்னும் அதிகமாகக் கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

வேகம் எங்கே போனது

மக்கள் வழக்குப் போடுவதால்தான் நாடு பின்தங்குகிறது என்பவர்கள் துறைமுகம் – மதுரவாயல் பறக்கும் சாலையைப் பார்க்க வேண்டும். 2009-இல் அடிக்கல். கூவத்தின் படுகையில் தூண்கள் நீரோட்டத்தைத் தடுக்கும், ஒப்புக்கொண்ட தடத்திலிருந்து விலகியிருக்கிறது என்று சொல்லி 2012-இல் மாநில அரசு வேலையை நிறுத்தியது. இரண்டாண்டு கழித்து உயர் நீதிமன்றம் அந்த நிறுத்த ஆணையை ரத்து செய்தது, அப்போதும் வேலை நகரவில்லை. 2022-இல் ஈரடுக்குச் சாலையாகப் புதிதாக அடிக்கல், மதிப்பு 5,850 கோடி ரூபாய். அந்தப் பத்து வருடத்தைத் தின்றது இரண்டு அரசுகளுக்கு இடையிலான சண்டை. ஆற்றில் எத்தனை தூண், எவ்வளவு வெள்ளம் போகும் என்பதை முதல் நாளிலேயே பொதுவில் வைத்து, கேள்விகளுக்குப் பதில் எழுதி முடித்திருந்தால் பாதிச் சண்டைக்கு இடமிருந்திருக்காது.

சென்னை – சேலம் எட்டுவழிச் சாலை இன்னொரு பாடம். 277 கிலோமீட்டர், ஐந்து மாவட்டம். 2018-இல் போலீஸ் காவலோடு கல் நட்டார்கள். எடுப்பு முடிவதற்கு முன்பே வருவாய்ப் பதிவேடுகளில் பெயரை மாற்றினார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அறிவிக்கையை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அறிவிக்கை செல்லும், சுற்றுச்சூழல் அனுமதி அதற்கு முன்பே இருக்க வேண்டியதில்லை என்றது. ஆனால் பதிவேட்டில் முன்கூட்டிப் பெயர் மாற்றியது செல்லாது என்பதை மட்டும் அப்படியே நிறுத்தியது. சட்டம் அரசின் பக்கம் இருந்தும், நடந்துகொண்ட விதத்தால் ஊர்களின் நம்பிக்கை போய்விட்டது. வழக்கில் வென்ற பிறகும் அந்தச் சாலை போடப்படவில்லை.

2024 தீர்ப்பு சொன்ன ஏழில் கடைசியாக வரும் உரிமையை, முறைப்படி முடித்துவைப்பதை, யாரும் அதிகம் பேசுவதில்லை. நடைமுறையில் மக்களை அதிகம் வாட்டுவது அதுதான். நோட்டீஸ் வந்த சர்வே எண்ணை விற்க முடியாது, வங்கி கடன் தராது, வீட்டுக்கு மேல்தளம் போட அனுமதி கிடைக்காது. பணமும் வராது. இப்படி எட்டு வருடம், பத்து வருடம் தொங்கும் நிலங்கள் புறநகரில் நிறைய உண்டு. 2013 சட்டத்தின்படி தீர்வத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் முழு இழப்பீடும், ஆறு மாதத்துக்குள் மறுவாழ்வுப் பணமும் கொடுத்த பிறகே நிலத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். பணம் தராமல் எடுத்துக்கொண்டால் முதல் வருடம் 9 சதவீதமும் பிறகு 15 சதவீதமும் வட்டி. எடுத்த நாளிலிருந்து ஐந்து வருடம் பயன்படுத்தாமல் போட்டால் நிலம் பழைய உரிமையாளருக்கோ அரசின் நில வங்கிக்கோ திரும்ப வேண்டும்.

உங்கள் சர்வே எண் அப்படித் தொங்கிக்கொண்டிருந்தால், அறிவிக்கை எண், அரசிதழ் தேதி, தீர்வ எண், தீர்வத் தேதி, பணம் செலுத்திய தேதி, நிலத்தை எடுத்துக்கொண்ட மகஜர் தேதி ஆகிய ஆறையும் தகவல் உரிமை மனுவில் கேளுங்கள். இவற்றில் எதற்கு "ஆவணம் இல்லை" என்று பதில் வருகிறதோ, அந்த இடத்தில்தான் எடுப்பு அறுந்திருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவின் முதல் பத்தி அங்கிருந்து தொடங்க வேண்டும்.